அடுத்து எம்மொழி கற்பது?
கிரேஸ் ஹாப்பர் அம்மையார் வாழ்வு தரும் விடை

கணினிக் கல்வியில் கால் வைத்த மாணவர் எவரையும் ஓர் ஐயம் விடாது பற்றிக்கொள்கிறது. நிரல்மொழி ஒன்றைத் தட்டுத் தடுமாறிக் கற்றாயிற்று. இனி அடுத்தது எது? பைத்தான் போதுமா? சி கற்க வேண்டுமா? ஜாவாவா, ஜாவாஸ்கிரிப்டா? பயிற்சி நிலையத்தின் விளம்பரப் பலகை ஒன்றைச் சொல்கிறது. வேலையில் அமர்ந்துவிட்ட அண்ணன் வேறொன்றைச் சொல்கிறார். விடுதி அறைத் தோழன் இரண்டையும் மறுத்து மூன்றாவதைச் சொல்கிறான். கேட்டவர் திகைத்து நிற்கிறார்.

இவ்வினாவை என்னிடம் கேட்பவருள் பலர் என் ஊராகிய வெதுருகுப்பத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தம்பி தங்கையர். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு வினா அன்று. நிலக்கடலையும் மாங்காயும் விற்று வந்த பணத்தில் ஒரு பங்கு பயிற்சிக் கட்டணமாகப் போகிறது. தேர்ந்த மொழி பயன்படாமற் போனால் ஓராண்டு வீணாகுமே, வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்னும் அச்சம் அவ்வினாவின் அடியிலே கிடக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராத நமக்கு இக்கலை கைகூடுமா என்னும் மற்றோர் அச்சமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

இவர்களுக்கு நான் மொழிகளின் பட்டியலை முதலில் தருவதில்லை. ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்கிறேன். தேர்ந்தெடுப்பதற்கு நிரல்மொழி என ஒன்றுகூட இல்லாத காலத்தில் கணினியின் முன் வந்து நின்றவர் அவர். நாற்பதாண்டுக்கு மேலாகப் புதியது வரும்போதெல்லாம் அதனைக் கற்றவர். இல்லாதபோது தாமே ஆக்கியவர். அவர்தாம் அமெரிக்கக் கடற்படையின் உயர் அலுவலராய் விளங்கிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். மூன்று மக்களுள் மூத்தவர். தாய்வழிப் பாட்டனார் அந்நகரின் நில அளவைப் பொறியாளர். அவர் தெருக்களை அளக்கச் செல்லும்போது அளவுகோலைத் தாங்கிக்கொண்டு பேத்தியும் உடன் செல்வதுண்டு. பெண்மக்களும் கல்வி பெற்றுத் தம் காலில் நிற்க வேண்டும் என்பது தந்தையின் கொள்கை.

ஏழு வயதில் நடந்த நிகழ்ச்சி ஒன்று அவர் வாழ்வு முழுமைக்கும் முன்னுரை போன்றது. மணியடிக்கும் கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது என்று காணும் ஆவலால் சிறுமி ஒன்றைப் பிரித்தாள். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. அது எப்படி இருந்தது என்று பார்க்க இரண்டாவதைப் பிரித்தாள். இவ்வாறே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் உறுப்பு உறுப்பாகத் தரையில் பரவின. தாயார் ஆவலுக்குத் தடை விதிக்கவில்லை. ஆனால் இனி உனக்கு ஒரே ஒரு கடிகாரந்தான் என்று வரையறுத்துவிட்டார்.

நண்பர்களே, அத்தாயின் தீர்ப்பை எண்ணிப் பாருங்கள். இன்று நம்முள் எத்துணைப் பேர் ஏழு நிரல்மொழிகளை ஒரே ஆண்டில் பிரித்துப் போட்டு, ஒன்றையும் பூட்ட முடியாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம்! பிரிப்பது தவறன்று. ஒன்றையாவது பிரித்துப் பூட்டி ஓட வைத்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

பதினாறு வயதில் வாசர் கல்லூரியில் சேர முயன்றார். இலத்தீன் மொழித் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. கணினிக்கே மொழி வகுத்த அம்மையார் முதன்முதல் இடறியது ஒரு மொழித் தேர்வில் என்பதை நம் மாணவர் மறக்கலாகாது. மறு ஆண்டு சேர்ந்து, 1928இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுகலைப் பட்டமும் 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

1931 முதல் வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார். அங்கே அவர் கையாண்ட முறை புதுமையானது. கணிதச் சூத்திரம் ஒன்றை விளக்கிய பின்பு, அதனைப் பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு மாணவியரைப் பணிப்பார். கட்டுரையின் நடைக்கும் மதிப்பெண் இடுவார். இது மொழி வகுப்பன்று, கணித வகுப்பு என்று மாணவியர் முறையிட்டனர். பிறர்க்கு விளங்கச் சொல்ல இயலாத கணிதம் பயனற்றது என்பதே அவர் அளித்த விளக்கம். பின்னாளில் அவர் ஆக்கிய மொழிகளின் வித்து இங்கேதான் கிடக்கிறது என்பது என் கருத்து.

போரும் பொறியும்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. கடற்படையிற் சேர விழைந்தார். வயது மிகுதி என்றனர். எடை 105 பவுண்டு; இருக்க வேண்டியதோ 120. கணித ஆசிரியப் பணி நாட்டுக்கு இன்றியமையாதது, அதனை விட்டு வரலாகாது என்றும் சொல்லப்பட்டது. தடைகள் ஒவ்வொன்றையும் விலக்கி, 1943 டிசம்பரில் சேர்ந்தே விட்டார். பயிற்சி முடிந்து 1944 கோடையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டார்.

அங்கே ஹோவர்டு ஐக்கன் என்னும் அறிஞரின் தலைமையில் மார்க் 1 என்ற பொறி இயங்கிக்கொண்டிருந்தது. நீளம் 51 அடி. உயரம் 8 அடி. இன்று நம் சட்டைப்பையில் அடங்கும் கைப்பேசியின் முன் அதன் வேகம் ஆமை நடையே. நொடிக்கு மூன்று கூட்டல்தான் செய்யும். ஆயினும் மனிதக் கைகள் திங்கட்கணக்கில் செய்த கணக்கை அது நாட்கணக்கில் செய்து முடித்தது.

அதற்குக் கட்டளையிடும் முறை யாது? காகித நாடாவில் துளையிடுவதே. ஒவ்வொரு கட்டளையும் 24 துளைக்கு இடமுள்ள ஒரு வரிசை. எந்த இடத்தில் துளை, எந்த இடத்தில் துளையின்மை என்பதே அதன் எழுத்தும் சொல்லும். பொறியை அதற்கு முன் கண்டிராத அம்மையாரிடம், 23 இலக்கத் துல்லியமுடைய திரிகோணக் கணக்கு ஒன்றைச் சில நாட்களில் முடித்துத் தருமாறு ஐக்கன் பணித்தார். பாடநூல் இல்லை, பயிற்சி நிலையம் இல்லை. முன்னரே அங்கிருந்த இளைஞர் இருவரின் துணையோடு கணக்கைச் செய்துகொண்டே கற்றார். பின்னர் வருபவர்க்கு இந்த இடர் வேண்டாம் என்று அப்பொறிக்கு ஐந்நூறு பக்கத்திற்கு மேற்பட்ட கையேடு ஒன்றையும் எழுதினார். அது 1946இல் வெளிவந்தது.

1947 செப்டம்பர் 9ஆம் நாள், அடுத்த பொறியாகிய மார்க் 2இன் ரிலே ஒன்றில் விட்டிற்பூச்சி சிக்கி வேலை நின்றதும், அப்பூச்சி நாட்குறிப்பில் ஒட்டி வைக்கப்பட்டதும் பலர் அறிந்த கதை. அதனைப் பிடித்தவர் அம்மையார் அல்லர். சுவைபடச் சொல்லிப் பரப்பியவரே அவர். பிழைக்குப் பூச்சி என்ற பெயர் பொறியாளரிடையே அதற்கு முன்பே வழங்கி வந்தது.

எட்டில் எண்ணிய நாட்கள்

1949இல் ஹார்வர்டை விட்டு, பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி என்னும் இருவர் நடத்திய கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். அவருக்கு அப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. மணவாழ்வு 1945இலேயே முறிந்துபோயிருந்தது. சோர்வும் மதுவும் அவரை வாட்டிய காலம் அது. அதிலிருந்து மீண்டெழுந்து புதிய பொறியைக் கற்றார் என்பதே அவர் பெருமையை மிகுவிக்கிறது.

அங்கிருந்த பைனாக் என்னும் பொறிக்கு எட்டினை அடியாகக் கொண்ட எண்முறையில் கட்டளையிட வேண்டும். அதில் எட்டு, ஒன்பது என்னும் இலக்கங்களே இல்லை. ஏழோடு ஒன்று கூட்டினால் பத்து என்று எழுத வேண்டும். அம்மையார் அதில் தோய்ந்து போனார். சில திங்களில் அவருடைய வங்கிக் கணக்கு ஒத்து வரவில்லை. வங்கித் தொழிலில் இருந்த தம்பியிடம் காட்டியபோது உண்மை வெளிப்பட்டது: காசோலைப் புத்தகத்திலும் அம்மையார் அவ்வப்போது எட்டின் முறையிலேயே கழித்து வைத்திருந்தார்!

சிரிப்பதற்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. மனிதர் பத்தில் எண்ண, பொறி எட்டில் எண்ண, இடையில் நின்றவர் இரண்டிற்கும் இடையே உழன்றார். பொறியின் பேச்சை மனிதர் கற்பதா, மனிதர் பேச்சைப் பொறி கற்பதா என்னும் வினா அவர் உள்ளத்தில் முளைத்தது. இதற்கிடையே பெட்டி ஹோல்பர்ட்டன் என்னும் அம்மையார் யூனிவாக் பொறிக்கு அமைத்த கட்டளை முறையில் எழுத்துகள் இடம்பெற்றன. கூட்டுவதற்கு ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, பெருக்குவதற்கு அதன் முதலெழுத்து என்று நினைவிற்கு எளிதாக அமைந்தன. ஹாப்பர் அதனையும் விருப்போடு கற்றார்.

தொகுப்பி பிறந்தது

நிரல் எழுதுவோர் முன்பு சரிபார்த்த துணை நிரல்களைக் குறிப்பேடுகளில் வைத்திருந்து, வேண்டியபோது படியெடுத்துக்கொள்வது வழக்கம். படியெடுக்கையில் எழுத்து மாறும். இட எண்களைக் கூட்டுகையில் கணக்குப் பிழைக்கும். அம்மையார் இதனைக் கூர்ந்து நோக்கினார். படியெடுப்பதிலும் கூட்டுவதிலும் மனிதர் வலிமையற்றவர். பொறியோ அவ்விரண்டிலும் வல்லது. ஆகவே அவ்வேலையைப் பொறியிடமே ஒப்படைத்தால் என்ன?

துணை நிரல்களைக் காந்த நாடாவில் ஏற்றி, ஒவ்வொன்றிற்கும் ஓர் அழைப்பெண் இட்டார். வேண்டியவற்றின் எண்களை வரிசையாகத் தந்தால், பொறியே அவற்றைத் தேடி எடுத்துத் தொகுத்து முழு நிரலாக்கியது. இதற்கு ஏ-0 என்று பெயர். 1952ஆம் ஆண்டில் இது பற்றி அறிஞர் அவையில் கட்டுரை படித்தார். கம்பைலர் எனப்படும் தொகுப்பியின் வரலாறு இங்கே தொடங்குகிறது. கணினி எண் கணக்கு மட்டுமே செய்யும், நிரல் எழுதாது என்று பலர் நம்ப மறுத்தனர். அவர் செய்து காட்டிய பின்னும் அந்த ஐயம் நெடுநாள் நீங்கவில்லை.

இரு வகை மாந்தர்

அம்மையாரின் வாழ்வில் நமக்கு மிகவும் பயன்படும் பகுதி இனித்தான் வருகிறது. நிரல் தேவைப்படுவோர் இரு வகையினர் என்று அவர் கண்டார். அறிவியலாரும் பொறியியலாரும் குறியீடுகளை விரும்புவோர். கணக்கு வழக்கு, சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு முதலியவற்றைக் கையாள்வோர் குறியீட்டைக் கண்டாலே ஒதுங்குவோர். முதல் வகையார்க்கு ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957இல் ஃபோர்ட்ரான் மொழியைத் தந்தனர். இரண்டாம் வகையார்க்குத் தருவார் இல்லை. அவர்கள் சொற்களாலேயே கட்டளையிடட்டும் என்று ஹாப்பர் குழுவினர் ஃப்ளோ-மேட்டிக் என்னும் மொழியை ஆக்கினர்.

இங்கே எனக்கு என் ஊர் நினைவு வருகிறது. வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பம் இரு மொழியாரும் வழங்கும் சொல். எங்கள் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலத்தில் அடங்கியது. என் போன்றோர் வீட்டில் அம்மாவிடம் தமிழ் பேசுகிறோம். சந்தையில் விலை கேட்பதும் அலுவலகத்தில் மனு எழுதுவதும் தெலுங்கில். கல்லூரிப் பாடம் ஆங்கிலத்தில். இவற்றுள் எது சிறந்த மொழி என்று எங்கள் ஊரில் எவரும் பேச்சைத் தொடங்கும் முன் ஆராய்வதில்லை. எதிரில் நிற்பவர் யார், ஆக வேண்டிய காரியம் யாது என்று பார்த்து நாவைத் திருப்புகிறோம். எழுத்தறியாத முதியவரும் அறிந்த இவ்வுண்மையை, நிரல்மொழி என்றவுடன் படித்த நாம் ஏன் மறந்துவிடுகிறோம்?

ஃப்ளோ-மேட்டிக்கைப் பற்றிய மற்றொரு செய்தி, ஆங்கிலத்திற்கு அஞ்சும் தம்பி தங்கையர்க்குரியது. 1950களின் நடுவில் தம் கருத்தை நிறுவன மேலாளர்க்கு விளக்க, ஆங்கிலச் சொற்களாலான சிறு நிரலை அம்மையார் ஓட்டிக் காட்டினார். பின்பு அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். மேலாளர் திடுக்கிட்டனர். பிலடெல்பியாவிலே செய்யப்பட்ட அமெரிக்கப் பொறிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எவ்வாறு விளங்கும்! இனி ஆங்கிலம் மட்டுமே என்று உறுதி கூறித்தான் அத்திட்டத்தை அவர் காப்பாற்ற முடிந்தது.

அம்மையார் அறிந்ததை அம்மேலாளர் அறியவில்லை. பொறிக்கு ஆங்கிலமும் தெரியாது. எச்சொல்லும் அதற்கு ஓர் அடையாளமே. எந்த அடையாளத்திற்கு எந்தச் செயல் என்று நாம் வகுப்பதே வழக்கு. தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட எழில் என்னும் நிரல்மொழி இன்று நம்மிடையே இருக்கிறது. நிரல்மொழியில் வரும் ஆங்கிலச் சொற்கள் சில பத்துகளே. அவற்றைப் பொருளறிந்து பழக ஒரு வாரம் போதும். பிழைச் செய்திகளையும் விளக்க நூல்களையும் படிக்க ஆங்கிலம் வேண்டும் என்பது மெய்தான். அதுவும் படிப்படியாக வரும். ஆனால் படிநிலைகளை முறையாக எண்ணும் ஆற்றல் எம்மொழிக்கும் தனியுடைமை அன்று.

கோபால் என்னும் மொழி

ஒவ்வொரு நிறுவனமும் தன் பொறிக்கெனத் தனி மொழி வைத்திருந்தால், பொறி மாறும்போதெல்லாம் நிரல்களை முதலிலிருந்து எழுத வேண்டுமே! இதற்குத் தீர்வு காண 1959 மே திங்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் கூட்டம் ஒன்று நடந்தது. அதிலிருந்து பிறந்ததே கோபால் என்னும் வணிக மொழி. நம் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போல ஒலித்தாலும் அது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இட்ட பெயர். அதனை வகுத்தது ஒரு குழு. ஜீன் சாமெட் போன்ற பலரின் உழைப்பு அதில் உண்டு. ஆயினும் அம்மொழியின் போக்கிற்கு ஃப்ளோ-மேட்டிக்கே பெரிதும் வழிகாட்டியது. ஹாப்பர் அதற்கு ஆலோசகராக விளங்கினார். 1960 டிசம்பரில் வேறு வேறு நிறுவனங்கள் செய்த இரு பொறிகளில் ஏறத்தாழ ஒரே கோபால் நிரல் ஓடியது. மொழி பொறிக்கு அடிமையன்று என்பது அன்று மெய்ப்பட்டது.

கோபாலைச் சாடியவரும் உண்டு. டைக்ஸ்ட்ரா என்னும் பேரறிஞர் 1975இல் அதனைக் கற்பிப்பதையே கடுமையாகக் கண்டித்தார். சொற்பெருக்கம் மிக்கது, சிந்தனையைக் கூர்மையாக்காது என்பது அவர் போன்றோர் கட்சி. அதில் உண்மையும் உண்டு. எனினும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கோபால் நிரல்கள் இன்றும் இயங்குகின்றன. 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது, ஆண்டினை இரண்டு இலக்கத்தில் குறித்திருந்த பழைய நிரல்களைத் திருத்துவதற்கு இந்தியாவிலிருந்து எத்தனையோ இளைஞர்க்கு வேலை கிடைத்தது. பழமையானது என்று ஒதுக்கப்பட்ட மொழி பல குடும்பங்களுக்குச் சோறிட்டது.

ஓய்வறியா முதுமை

1966 இறுதியில் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. 1967 ஆகஸ்டில் மீண்டும் அழைத்தது. கடற்படைக் கணினிகளில் கோபால் இடத்திற்கு ஒரு விதமாய்த் திரிந்து கிடந்தது. அதனை ஒழுங்குபடுத்த ஆறு திங்களுக்கு மட்டும் வருமாறு கேட்டது. அந்த ஆறு திங்கள் ஏறத்தாழ இருபதாண்டாக நீண்டது! மொழி ஒன்று தரப்பட்டால் போதாது, அது சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கும் நிரல்களும் வேண்டும் என்று அவற்றை உருவாக்கச் செய்தார்.

நாடெங்கும் சென்று இளைஞரிடம் பேசினார். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித்துண்டு ஒன்றைக் கையில் தருவார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தொலைவு அதுவே என்பார். கண்ணுக்குத் தெரியாததைக் கையில் தந்து விளக்கும் ஆசிரியர் அவர். அவர் அறைக் கடிகாரம் இடப்புறமாகச் சுழன்று சரியான நேரம் காட்டும். இதுவரை இப்படித்தான் செய்தோம் என்பது எதற்கும் காரணமாகாது என்று அது பார்ப்பவர்க்கு உணர்த்தியது.

1986 ஆகஸ்ட் 14ஆம் நாள், 79ஆம் வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெருங் கப்பலில் அவருக்கு விடை கொடுத்தனர். அதன்பின்னும் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகப் பணியாற்றினார். 1992 சனவரி முதல் நாள், 85ஆம் வயதில் மறைந்தார். ஆர்லிங்டனில் கடற்படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு போர்க்கப்பல் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 2016இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

நாம் கொள்ள வேண்டுவது

இவ்வரலாற்றிலிருந்து நம் வினாவுக்கு விடை காண்போம். துளையிலிருந்து எட்டின் எண்ணுக்கும், எண்ணிலிருந்து எழுத்துக்கும், எழுத்திலிருந்து அழைப்பெண்ணுக்கும், அதிலிருந்து சொல்லுக்கும் அம்மையார் சென்றார். ஒருமுறையேனும் புதியது என்ற புகழுக்காக மாறவில்லை. பணியிலே ஓர் இடர் தோன்றியது. அவ்விடரை நீக்கும் வழியே அடுத்த மொழியாயிற்று. கற்றது எதுவும் வீணாகவும் இல்லை. துளையிட்ட நாடாவை இன்று எவரும் தொடுவதில்லை. அதில் அவர் கற்ற ஒழுங்கோ கோபால் வரை உடன் வந்தது.

ஆகவே, அடுத்து எது என்று கேட்கும் தம்பி தங்கையர் முதலில் தம்மைத் தாமே இரண்டு கேள்விகள் கேட்கட்டும். இப்போது அறிந்த மொழியில் நான் செய்ய விரும்பிச் செய்ய இயலாதது யாது? நான் எழுதுவதைப் பயன்படுத்தப் போகிறவர் யார்? இணையப் பக்கம் அசைய வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் செல்லலாம். பொறியின் நினைவகம் எவ்வாறு இயங்குகிறது என்று கடிகாரத்தைப் பிரிப்பது போலப் பிரித்துப் பார்க்க விருப்பமா? சி மொழி அதற்கு ஏற்றது. குவிந்து கிடக்கும் புள்ளிவிவரத்தை ஆராய வேண்டுமா? பைத்தானிலேயே இன்னும் ஆழமாக இறங்கலாம். புதிய மொழி தேவையே இல்லை. நிறுவனங்களின் பெருநிரல்களில் பணி வேண்டுமா? ஜாவா உதவும். இவற்றுக்குரிய கருவிகள் பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆகவே பயிற்சிக் கட்டணம் கட்டும் முன் ஒரு திங்கள் தாமே முயன்று பார்ப்பது நன்று.

எதனைத் தேர்ந்தாலும் ஒரு சிறு நிரலையாவது முழுமையாக முடியுங்கள். அப்பாவின் கடலை விற்பனைக் கணக்காக இருக்கட்டும். சங்க நூலகத்தின் புத்தகப் பட்டியலாக இருக்கட்டும். முடித்தவர்க்கு அடுத்த மொழி எது என்பதை அவ்வேலையே சொல்லிவிடும். நாற்பது வயதுக்கு மேல் எட்டில் எண்ணக் கற்றுக்கொண்ட அம்மையாரை எண்ணினால், பதினெட்டு வயதில் தேர்ந்த ஒரு மொழி வாழ்வைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் நம்மைவிட்டு அகலும். அச்சம் அகன்ற கையால் நம் கடிகாரத்தைப் பிரிப்போம், பூட்டுவோம், ஓட வைப்போம்!